பச்சையம்மா தள்ளிவிட்ட கல்

போன மாதம் ஷா ஆலமில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் கருங்கல் வளைவு ஒன்று வைத்திருந்தார்கள். கல்லுக்குக் கல் கோடு, பாசி படிந்த மாதிரி பச்சை வர்ணம், பார்க்கப் பிரமாதம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. வெறும் ஃபோம்! பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண், "பாட்டி, டெக்கரேஷன்ல கை வைக்காதீங்க லா" என்றாள். ஓட்டையை மறைத்து நின்றபடி அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்த வளைவுதான் மனத்தில். அதன் உச்சியில் பூட்டுக்கல்லே இல்லை.

பூட்டுக்கல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலாயாவில் கிளாங் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு கல் பாலம் இருந்தது. ஒற்றை வளைவு. எவரோ ஒரு துரை படம் போட்டுக் கொடுக்க, எங்களுக்கு முந்திய தலைமுறை ஆட்கள் கல் உடைத்துக் கட்டியது. ஒவ்வொரு கல்லும் ஆப்பு மாதிரி, மேலே அகலம், கீழே குறுகல். ஆற்றின் குறுக்கே அரைவட்டமாக மரச்சாரம் கட்டி, இரண்டு கரையிலிருந்தும் கல்லை அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசியாக ஒரு கல்லை இறக்குவார்கள். அதுதான் பூட்டுக்கல். அது உட்கார்ந்ததும் சாரத்தை எடுத்துவிடலாம். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கற்கள் தாமாக நிற்கும். பாரம் ஏற ஏற இறுகும். அது இல்லாதவரை பாலமில்லை, மரத்தின் மேல் கிடக்கிற கற்குவியல்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் படை வர, வெள்ளைக்காரன் ஓடும்போது அதற்கு வெடி வைத்துவிட்டு ஓடினான். வளைவு ஆற்றில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜப்பான்காரன் திருப்பிக் கட்டச் சொன்னான். இரும்பும் நல்ல மரமும் ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதைக்குப் போய்விட்டன, ஆற்றில் கிடந்த கல்தான் மிச்சம். ஆண்களிலும் பாதிப் பேரை அந்த வேலைக்குச் சயாமுக்கு ஏற்றியாகிவிட்டது, போனவர் யாரும் திரும்பவில்லை. மீதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் மரம் வெட்டும் கேம்ப்பில் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான். ஆக, கல் தூக்கப் பெண்கள் நாங்கள். எனக்கு அப்போது இருபது வயது.

கிளாங் கடற்கரைச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு அரைப்போம். இன்றைக்கும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினால் உள்ளங்கை எரிகிற மாதிரி இருக்கும். கூடவே வேகாத மரவள்ளிக்கிழங்கின் ருசியும் வந்துவிடும். எப்படித் தின்றோமோ! ஆனால் எங்களைப் பாவம் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பிடிக்காது. பச்சையம்மாவுக்கு அறவே பிடிக்காது.

பச்சையம்மா, லயம் என்கிற கூலிக் குடியிருப்பில் எனக்குப் பக்கத்து வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷனை முதல் லோரியிலேயே சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு சேதியும் இல்லை.

பூட்டுக்கல்லைக் கயிறு கட்டிச் சாரத்துக்கு மேலே ஏற்றிய அன்று மத்தியானம், எங்களை மேய்க்கிற மண்டோர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாலம் முடிஞ்ச மறுநாளு லோரி வருதாம். மரம் வெட்டுற கேம்ப்புல இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரும் சயாமுக்கு."

பச்சையம்மா கிழங்கை மென்றுகொண்டே கேட்டாள்.

"கேம்ப்புக்கு நடந்தா எம்புட்டு நேரம் ஆகும்ணே?"

"ஒரு நாளு பிடிக்கும்."

மண்டோர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "எனக்குப் போய்ச் சொல்ல ஆளில்ல. ஒனக்கு இருக்கு. அந்தப் பூட்டுக்கல்லை நான் தள்ளிர்றேன், வேற செதுக்க நாளாகும். கல்லு விழுந்ததும் எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. நீ ஆத்தைத் தாண்டி ஓடிடு."

"ஒங்களை அடிச்சே கொன்னுருவான்க்கா."

"அவன் அடிக்கிறத அடிக்கட்டும். இன்னும் எத்தனை லோரிக்குப் பாலம் கட்டிக் குடுக்கிறது?"

பட்டப்பகல். ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியோடு கரையில் நிற்கிறான். கல்லை நகர்த்துவதுபோல் அடியில் கடப்பாரையைக் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டாள். கல் உருண்டு கீழே பாறையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. சிப்பாய் "பகேரோ!" என்று அவன் பாஷையில் வைதுகொண்டு அவளிடம் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நான் அக்கரை ஏறினேன். அடி விழும் சத்தம் கேட்டது. அவள் அழும் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கோலத்தைப் பார்த்து வீட்டுக்காரர், "யாரு செத்தா?" என்று கேட்டார். "யாரும் சாகக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன், கெளம்புங்க" என்றேன். ஆண்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். நாங்கள் இருவரும் கடலோரச் சதுப்புக் காட்டில் கம்பம் என்கிற மீன்பிடிக் குக்கிராமம் ஒன்றில் ஒளிந்து, ஜப்பான்காரன் சரணடைந்த பிறகுதான் தோட்டத்துக்குத் திரும்பினோம்.

புதுப் பூட்டுக்கல் செதுக்கிப் பாலத்தை முடிக்க நாட்கள் ஆகியிருக்கின்றன. லோரி போனபோது கேம்ப்பில் அடுப்புச் சாம்பல்தான் இருந்ததாம். பச்சையம்மாவை வெயிலில் தலையில் கல்லோடு நிறுத்தி, கன்னத்தில் அறைந்து அறைந்து ஒரு காதைச் செவிடாக்கியிருந்தார்கள். அவள் புருஷன் வரவேயில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தச் செவிட்டுக் காதைத்தான் காட்டுவாள்.

திரும்பி வந்த வெள்ளைக்காரர்களில் ஒரு துரை விசாரணைக்கு உட்கார்ந்தார். எதிரிக்கு ஏன் பாலம் கட்டிக் கொடுத்தீர்கள் என்று மண்டோர் மூலமாகக் கேட்டார். பச்சையம்மா முன்னால் போய் நின்றாள்.

"ஒடைச்சது நீங்க. கட்டுனது நாங்க. தள்ளுனதும் நாங்கதான். எழுதிக்கிடச் சொல்லுங்கண்ணே."

மண்டோர் அதை மலாயில் எப்படிச் சொன்னாரோ, துரை எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அவளும் போய்விட்டாள், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். சாலையை அகலப்படுத்தப் பாலத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறிப் போனேன். பெரிய இயந்திரம் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தது, வளைவு அப்படியே நின்றது. ஓட்டுகிற பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னா கல்லுடா இது, இடிக்க இடிக்க இறுகுது" என்று சலித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான்: "ஆன்டி, ஆபத்து! தள்ளி நில்லுங்க!"

சாயங்காலம் அது விழும்வரை நான் தள்ளி நிற்கவில்லை.