நடுமைதானத்தில் ஒரு பொய்ச் சண்டை

அமெரிக்க ஃபுட்பாலை எங்கள் இரண்டு பேரில் முதலில் கண்டுபிடித்தது அண்ணிதான். டிவியில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதி விழுவார்களே, அந்த ஆட்டம்தான். ஆனால் நாங்கள் ஆடுவதில் மோதல் கிடையாது. இடுப்பின் இரண்டு பக்கமும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டையை எதிரணிக்காரர் உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அணிக்கு ஐந்து பேர். செவிலிமேட்டில் ஞாயிறு காலைகளில் பெண்கள் இதை ஆடுகிறார்கள் என்று அண்ணி போனில் பார்த்துவிட்டு, "வரியாபா? சும்மா பாத்துட்டு வந்துடலாம்" என்றார். பார்க்கப் போனோம். அன்றைக்கே ஆடவும் செய்தோம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அண்ணி என்னைவிட இரண்டு வயது பெரியவர். தாமலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நெசவுக் குடும்பத்து அண்ணன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் வந்து மூன்று வருடத்தில் எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சுடுசொல் விழுந்ததில்லை. அண்ணியும் நாத்தனாரும் இப்படியும் இருப்பார்களா என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

எங்கள் கேப்டன் ஒரு பிசியோதெரபிஸ்ட். சென்னைக் கல்லூரிப் பெண்கள் வரும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்: "ஓட்டத்துல அவங்கள நாம ஜெயிக்க முடியாது. ஏமாத்தித்தான் ஆவணும்." இந்த ஆட்டத்தில் ஏமாற்றுவதும் ஒரு திறமைதான். ஒருத்தியிடம் பந்தைக் கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் இன்னொருத்திக்குக் கொடுக்கலாம். இடப்பக்கம் ஓடுகிறவள் எதிரே வருகிறவளிடம் பந்தை மாற்றிவிடலாம். இதையெல்லாம் பழகினோம். பிறகு கேப்டன் இன்னொன்று சொன்னாள்.

வழக்கமாகப் பந்தை வாங்கி வீசுகிறவள் நான். அண்ணி வலது ஓரத்தில் நிற்பார். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நான் அவரைத் திட்டிக்கொண்டே அவர் பக்கம் நடக்க வேண்டும். அவரும் பதிலுக்குத் திட்ட வேண்டும். எதிரணி எங்களை வேடிக்கை பார்க்கும். அண்ணி சலிப்போடு தலையில் கை வைத்ததும், பந்து என்னிடம் வராமல் பின்னால் நிற்கும் இன்னொருத்திக்குப் போகும். அதற்குள் அண்ணி ஓட ஆரம்பித்திருப்பார். அவள் வீசும் பந்து அண்ணியின் தலைக்கு மேல் வந்து சேரும்.

ஒத்திகையில் நான், "அண்ணி, நீங்க தப்பான எடத்துல நிக்கிறீங்க" என்றேன்.

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டாள். "சண்டையில யாருமா நீங்க வாங்கன்னு பேசுவாங்க? வீட்ல எப்படி சண்டை போடுவீங்களோ, அப்படிப் போடுங்க."

"நாங்க வீட்ல சண்டையே போடறதில்லமா," என்றார் அண்ணி. சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

போட்டியின் முதல் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது பின்தங்கியிருந்தோம். கேப்டன் ஜாடை காட்டினாள். நான் அண்ணியைப் பார்த்து நடந்தேன்.

"எத்தினி வாட்டி சொல்றது, அங்க நிக்காதன்னு? காது கேக்குதா உனக்கு?" என்று கத்தினேன். அவரை 'நீ' என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

'நீ மொதல்ல ஒழுங்கா வீசு' என்பது அவர் சொல்ல வேண்டிய பதில். அதைச் சொல்லவில்லை.

"மூணு வருஷமா எங்க வீடு, எங்க வீடுன்னே பேசிக்கினு இருக்கற. என்கிட்ட ஒரு நாளாவது நம்ம வீடுன்னு சொல்லியிருக்கியா?"

சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

சொன்னது எனக்கு உறைப்பதற்குள் அவர் ஓடிவிட்டார். அவரைத் தடுக்க நின்ற எதிரணிப் பெண் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கள் தலைக்கு மேல் போனதும், அண்ணி அதை மார்போடு அணைத்துப் பிடித்ததும், எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்ததும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் அவரைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எதிரணிப் பெண் என் தோளைத் தொட்டு, "ஓகேவாக்கா?" என்று கேட்டாள்.

ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். திரும்பும்போது நான் வண்டி ஓட்ட, அண்ணி பின்னால் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு கரும்புச் சாற்றுக் கடையில் நிறுத்தினேன்.

"அது நடிப்புதானே அண்ணி?"

"அவங்கள ஏமாத்தத்தான் சொன்னேன்." டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தார். "ஆனா பொய்யில்லபா. வாயில வந்துடுச்சு."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"டீம்ல சேரும்போது அட்ரஸ் கேட்டாங்கல்ல? நீதான், எங்க வீட்டு அட்ரஸே போட்டுக்கோங்க, அண்ணியும் அங்கதான் இருக்காங்கன்ன. குடக்கூலி குடுத்து வாடகைக்கு இருக்கறவ மாதிரி இருந்துது எனக்கு."

சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் ஒரு தப்பும் தெரியாமல்தான் சொன்னேன். அதுதான் மிகவும் வலித்தது. மூன்று வருடமாக நான் ஒற்றுமை என்று நினைத்திருந்தது, அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"எப்படிச் சொல்றது? நீ நல்ல பொண்ணு. நல்லவங்ககிட்ட சொல்றதுதான் கஷ்டம்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் தன் டம்ளரை என் கையில் கொடுத்து, "குடி. அழுதுக்கினு வண்டி ஓட்டாத, ரெண்டு பேரும் விழுவோம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் எல்லாவற்றுக்கும் 'நம்ம' போட்டுப் பேசினேன். நம்ம அம்மா, நம்ம ஃப்ரிட்ஜ், நம்ம மொட்டைமாடி. என் செருப்பைக்கூட நம்ம செருப்பு என்றபோது அண்ணி சிரித்துவிட்டு, "போதும் தாயே" என்றார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிஜமாகவே சண்டை வந்தது. அவர் வாஷிங் மெஷினில் போட்ட துணிகளோடு என் சிவப்புச் சுடிதாரையும் போட்டுவிட்டேன். அவருடைய வெள்ளை ரவிக்கை ரோஸ் நிறமாகிவிட்டது. கேட்டுவிட்டுப் போடத் தெரியாதா என்று அவர் கத்த, தெரியாமல் செய்ததற்கு இவ்வளவா என்று நானும் கத்தினேன். தறியில் இருந்த அப்பா எழுந்து வந்து பார்த்தார். இரண்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ஆறு மணிக்கு என் போர்வையை யாரோ இழுத்தார்கள். அண்ணி ஷூ மாட்டிக்கொண்டு நின்றார்.

"எழுந்திரு, டைம் ஆவுது," என்றார். "பந்தை எங்க வெச்ச?"

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன்.