சாம்பமூர்த்தியின் தாடி

வடபழனியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் 'தாடிக்காரர் வீடு' என்றால் ரிக்‌ஷாக்காரனுக்குக்கூடத் தெரியும். சாம்பமூர்த்தி தெனாலிப் பக்கத்து நாடக நடிகர். பானகாலராவ் என்ற கிருஷ்ணா ஜில்லா மிராசுதார் புராணப் படம் எடுக்க மதராசுக்கு வந்தபோது, கோபக்கார முனிவர் வேஷத்துக்கு இவரை அழைத்து வந்தார். ஒட்டுத்தாடி வைத்தால் கிட்டத்தில் பசை தெரியுமாம். அதனால் சொந்தத் தாடி வளர்க்க வேண்டும், படம் முடியும்வரை கத்தி படக்கூடாது, வேறு படத்தில் முகம் காட்டவும் கூடாது என்று பேச்சு. சாம்பமூர்த்தி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பாதிப் படத்தில் கதாநாயகி சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள். புது நாயகி, புது முதலீடு என்று பானகாலராவ் அலைந்தார். இங்கே தாடி மட்டும் வளர்ந்தது.

பானகாலராவ் கெட்டவர் இல்லை. வாடகையை அவரே கட்டினார். ஒவ்வோர் அறுவடைக்கும் ஊரிலிருந்து அரிசி மூட்டையும் கோங்குரா ஊறுகாயும் வந்து இறங்கும். வேறு கம்பெனிகள் கூப்பிட்டபோதெல்லாம் சாம்பமூர்த்தி அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லியனுப்பினார்.

மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளாதது அவர்கள் வழக்கம். குழாயடியில் அவர் மனைவி காமேஸ்வரியை யாராவது அண்ணி முறை வைத்துச் சீண்டுவார்கள்.

"என்ன வதினா, மூணு வருஷமா மசக்கையா? யானைகூட இதுக்குள்ள பெத்து எறக்கியிருக்குமே."

அவளும் கூடச் சிரிப்பாள். வீட்டுக்குள் போனதும் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் தந்தி வந்தது. ஊரில் அப்பா போய்விட்டார். சாம்பமூர்த்தி மூத்த பிள்ளை. தலையும் முகமும் மழித்துக் கர்மம் செய்ய வேண்டியவர். ரயிலுக்குக் கிளம்பும்போது பானகாலராவ் வாசலில் வந்து நின்றார். புது நாயகி கிடைத்துவிட்டாள், அடுத்த வாரமே ஷூட்டிங் என்றார். மிரட்டவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா காரியம், செய்யாதீங்கன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா கீழவயலையும் வித்துட்டேன், சாம்பமூர்த்திகாரு. இனிமே உங்க இஷ்டம்."

ஊரில் நாவிதன் குளக்கரையில் காத்திருந்தான். சாம்பமூர்த்தி போய் உட்காரவில்லை. தம்பி விஸ்வம் செய்யட்டும் என்றார். உறவுக்காரர்கள் கத்தினார்கள். கடைசியில் புரோகிதர் ஒரு வழி சொன்னார்: மூத்தவன் ஊரிலேயே இல்லை என்று வைத்துக்கொண்டால் இளையவன் செய்யலாம். ஆகவே பத்தாம் நாள் மந்திரம் ஓதி முடியும்வரை, இல்லாத மூத்த பிள்ளை மாட்டுக்கொட்டகையில் நின்றார். விஸ்வம் மொட்டைத் தலையோடு வந்து, "எல்லாம் ஆச்சு அண்ணய்யா" என்றபோதுதான் வெளியே வந்தார்.

அம்மா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. விஸ்வத்தின் மனைவியிடம் சொன்னாள்: "யாரோ சாமியார் வந்திருக்கார் பாரு. சோறு போட்டு அனுப்பு."

அடுத்த வாரம் ஷூட்டிங் நடக்கவில்லை. மறு வருஷம் மழைக்காலத்தில்தான் நடந்தது. விளக்கைப் போட்டதும் ஒளிப்பதிவாளர் முகம் சுளித்தார். பழைய காட்சிகளில் கருகருவென்று மார்புவரை இருந்த தாடி, இப்போது பாதி நரைத்துத் தொப்புளைத் தொட்டது. வெட்டிப் பார்த்தார்கள். மை பூசினார்கள், விளக்கு வெளிச்சத்தில் தார் பூசியதுபோல் பளபளத்தது. டைரக்டர் பானகாலராவை ஓரமாக அழைத்துப் பேசினார். பிறகு மேக்கப்காரர் வந்து, இந்தத் தாடியை எடுத்துவிட்டுப் பழையபடி தெரிகிற மாதிரி ஒட்டுத்தாடி வைத்துவிடலாம் என்றார். இப்போது நல்ல பசை வந்துவிட்டதாம்.

சாம்பமூர்த்தி பானகாலராவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையையும் சேர்த்து எடுத்துடுங்க" என்றார் சாம்பமூர்த்தி. எப்படியும் ஜடாமுடி டோப்பா வைக்கத்தானே போகிறார்கள் என்று மேக்கப்காரரும் எடுத்துவிட்டார்.

அன்று மாலை மொட்டையாகக் காம்பவுண்டுக்குள் நுழைந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. காமேஸ்வரி பதறிப்போய் யார் போனது என்று கேட்டாள்.

"அப்பா" என்றார். அவள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து வைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் படுத்தார்.

படம் பெஜவாடாவில் சுமாராக ஓடியது. ஆனால் முனிவர் பிரமாதம் என்று பேர் வந்தது. அதன்பின் சாபம் கொடுக்கிற வேஷம் எல்லாம் அவருக்குத்தான். தகப்பன் வேஷம், மந்திரி வேஷம் என்று அவர் கேட்டுப் பார்த்தார். ஜனங்கள் ஒப்ப மாட்டார்கள் என்றார்கள். வீட்டுக்கு மறுபடி அரிசி வந்தது, இந்த முறை சொந்தக் காசில். ஒவ்வொரு வருஷமும் அப்பா திவசத்துக்கு ஊருக்குப் போவார். விஸ்வம்தான் செய்வான். இவர் கூடத்தில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வண்டிக்கே திரும்பிவிடுவார்.