செருப்பு டீச்சர்

செருப்பு டீச்சர் என்ற பெயரை மடிப்பக்கா முதன்முதலாகக் கேட்டது லாண்டிரியில், வண்டியில் கடைசி விரிப்பு மிச்சமிருந்த நேரத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து அனுப்பும் பெரிய லாண்டிரி அது. நீள மேஜையின் ஒரு முனையில் இவள் நிற்க வேண்டும், மறுமுனையில் இவளுடைய நாத்தனார். இருவருமாக விரிப்பை உதறி, நாலாக மடித்து, அடுக்க வேண்டும். வருஷக்கணக்காக மடித்து மடித்து இவளுக்கு மடிப்பக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. லாரி ஓட்டப் போன புருஷன்கூட வழியிலிருந்து போன் பண்ணினால், "மடிப்பக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பான்.

"பாப்பாவ நம்ம தெருமுனை ஸ்கூல்லயே சேத்துடு அண்ணி," என்றாள் நாத்தனார். "அங்க செருப்பு டீச்சர்னு ஒருத்தி இருக்கா. என் பையன் அவகிட்டப் போய்தான் மனுஷனானான்."

மடிப்பக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. "செருப்பாலயா அடிப்பாங்க?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் விரிப்பின் முனை நழுவித் தரையில் விழுந்தது. சூப்பர்வைசர் முறைத்தார். செருப்பு அடிப்பதற்கு இல்லையாம், பார்ப்பதற்காம். செருப்பைப் பார்த்தே பிள்ளைகளின் மனசைச் சொல்லிவிடுவாள் என்று நாத்தனார் ஆரம்பிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. வண்டி வந்துவிட்டால் அங்கே யாருக்கும் வாய் இருக்காது, கைதான் இருக்கும். பேச்சு அத்தோடு அறுந்தது. மடிப்பக்காவும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆனால் உறவு சொல்லாமல் ஒரு ஆளை விட்டுவிடுவது நாத்தனாருக்கு ஆகாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் திறக்காததுமாக அதைச் சொல்லி முடித்தாள். பெரிய மாமாவின் சம்பந்தி வீட்டில் மூன்றாவது மருமகள் இருக்கிறாளே, அவளுடைய சித்தி மகள்தான் இந்த டீச்சர். அப்படியானால் எனக்கு என்ன முறை என்று மடிப்பக்கா கேட்டாள். நாத்தனார் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"தங்கச்சி முறை வரும். இல்லன்னா அத்தை முறை. எதுக்கும் ஒரு வணக்கத்தப் போட்டு வை."

தங்கச்சியோ அத்தையோ, அவளுடைய கதை மடிப்பக்காவுக்குப் பின்னாளில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஆனாலும் அதை இந்த இடத்தில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

டீச்சரின் அப்பா அச்சகத்தில் ராத்திரி வேலை பார்த்தவர். இரண்டே அறை உள்ள வீடு. அப்பா, அம்மா, கல்யாணமாகாத சித்தப்பாக்கள் இரண்டு பேர், அதற்குமேல் ஐந்து பிள்ளைகள். இவள் நாலாவது. விடிந்ததும் வேலையிலிருந்து வருகிற அப்பா வாசலில் பூட்ஸைக் கழற்றுவார். பூட்ஸின் மூக்கு வீட்டுக்குள் பார்த்துக் கிடந்தால் அவரிடம் எதையும் கேட்கலாம், மதிப்பெண் அட்டையைக்கூட நீட்டலாம். தெருவைப் பார்த்துக் கிடந்தால் பூனைகூடச் சுவரோரமாகத்தான் போகும். அவர் அடிக்கிறவர் இல்லை, களைத்துப்போனவர். தனியாக உட்கார ஒரு மூலை இல்லாத அந்த வீட்டில், பூட்ஸைத் திருப்பி வைப்பதுதான் அவர் கதவைச் சாத்திக்கொள்ளும் விதம்.

அவள் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆயாவாகத்தான் அந்தப் பள்ளியில் காலெடுத்து வைத்தாள். உடம்பிலோ பேச்சிலோ புத்தியிலோ குறை என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு ஆள் வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் போனாள், துணை டீச்சர் ஆனாள். பாடம் நடத்துவது வேறு டீச்சர். கோபம் வந்தால் என்ன செய்வது, அடுத்தவன் அழுதால் என்ன செய்வது, விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எப்படிக் கேட்பது, இதெல்லாம் இவள் பொறுப்பு. காலையில் முதல் மணி நேரம் பிள்ளைகளை விரிப்பில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவாள்.

அந்த வகுப்பில் ஒரு பையன், காலையில் யார் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவான். எத்தனையோ செய்து பார்த்தும் ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் அவளுக்கு அப்பாவின் பூட்ஸ் ஞாபகம் வந்தது. விரிப்பு அழுக்காகக் கூடாது என்று பிள்ளைகள் எப்படியும் செருப்பை வாசலில் உள்ள மரத்தட்டில் கழற்றித்தான் வைப்பார்கள். பேச்சு வேண்டாம் என்றால் வெளியே பார்த்து வை, யாரும் கிட்டே வரமாட்டோம் என்று அவனிடம் சொன்னாள். அவன் வைத்தான். மற்றவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவன் கத்துவதை விட்டான்; அதற்குப் பிறகு தானாகவே சில நாள் உள்ளே பார்த்து வைக்கவும் ஆரம்பித்தான். வகுப்பு முழுக்க அந்த வழக்கம் பிடித்துக்கொண்டது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மரத்தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பு டீச்சர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இனி பாப்பாவின் விஷயம். மடிப்பக்காவின் ஒரே மகள். பிறக்கும்போதே இடது கால் குட்டை. அந்தக் காலுக்கு அடி உயர்த்திய ஷூ. வேறு வழியில்லாமல் சின்ன வயதிலேயே அவளைத் தூரத்து ஊரில், கால் கை சரியில்லாத பிள்ளைகளுக்கென்று நடத்தும் ஹாஸ்டல் பள்ளியில் விட்டிருந்தார்கள். லீவு முடிந்து திரும்ப விடப்போகும் ஒவ்வொரு தடவையும் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விரல் விரலாகப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தும் மடிப்பக்காவின் உள்ளங்கையில் அந்த விரல்கள் இருக்கும். அதனால்தான் தெருமுனைப் பள்ளியின் திட்டத்தைக் கேட்டதும், வருஷத்தின் நடுவில் என்றாலும் பரவாயில்லை என்று பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டாள்.

முதல் வாரம் பாப்பா காலையில் எழுப்பாமலே எழுந்தாள். பிறகு எழுப்ப வேண்டியிருந்தது. யாரோடு உட்கார்ந்தாய் என்றால், "சும்மா உக்காந்தேன்" என்பாள். யாரோடு சாப்பிட்டாய் என்றால், அதற்கும் அதே சும்மா. புதுப் பிள்ளை, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மடிப்பக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பாப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னத் திரும்ப ஹாஸ்டல்லயே விட்டுடும்மா."

"ஏன்டா கண்ணு?"

"அங்க எல்லாரும் என்ன மாதிரி. என்கூடப் பேசுவாங்க."

மடிப்பக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கட்டிக்கொண்டு அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். பிள்ளை யோசித்து முடிவெடுத்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னதுதான் அவளைக் கலக்கியது. மறுநாள் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினாள். பழைய கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, வாரக் கடைசி வரை வைத்திருப்போம் என்றார்கள். அவசரப்படாதே அண்ணி என்று நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு பிள்ளை எத்தனை நாள்தான் பேச்சுத் துணையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று மடிப்பக்கா திருப்பிக் கேட்டாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு டி.சி. வாங்கப் போனாள்.

கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு டீச்சர் வகுப்பறை வாசலில் நின்றிருந்தாள். சுமார் முப்பது வயதிருக்கும். "வாங்கக்கா" என்று முகம் மலர அழைத்தாள். வணக்கமும் முறையும் மடிப்பக்காவுக்கு எங்கே நினைவுக்கு வந்தன? நேராக டி.சி. வேண்டும் என்றாள்.

டீச்சர் திகைத்துப்போனாள். "ஏங்க்கா? நல்லாத்தானே இருக்கா. அவளுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்குது. நாங்க யாரும் அவளத் தொந்தரவே பண்றதில்ல."

"தனியா இருக்கப் பிடிக்குதுன்னு அவ சொன்னாளா?"

"வாயால சொல்லணுமா? தெனமும் ஷூவ வெளிய பாத்துதானே வைக்கிறா." வழக்கம் இன்னதென்று டீச்சர் விளக்கினாள். பாப்பாவைப் பிள்ளைகள் எவ்வளவு மதித்து ஒதுங்கியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவள் குரலில் பெருமைகூட இருந்தது.

மடிப்பக்கா மரத்தட்டைப் பார்த்தாள். வரிசையாக எல்லாச் செருப்பும் அறையைப் பார்த்திருந்தன. ஒரு ஜோடி மட்டும் வராந்தாவைப் பார்த்திருந்தது, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. லாண்டிரியில் அன்று அறுந்துபோன பேச்சு அவளுக்கு அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

"அது நான் சொல்லிக்குடுத்தது," என்றாள் மெதுவாக. "குனிஞ்சு ஷூவத் திருப்பினா அவ விழுந்துடுவா. அதனால கழட்டும்போதே உள்பக்கம் முதுகக் காட்டிக் கழட்டு, போறப்ப நேரா கால விட்டுக்கலாம்னு நடக்கப் பழகினப்பவே சொல்லிவெச்சேன். எங்க போனாலும் அவ அப்படித்தான் வைப்பா."

டீச்சர் அந்த ஜோடியையே பார்த்தாள். அவள் கை மட்டும் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்தது, திரும்பச் செருகியது. நடுவருஷத்தில் வந்த பிள்ளைக்கு இந்த வழக்கத்தை யார் சொன்னது? பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்று டீச்சர் இருந்துவிட்டாள். டீச்சர் சொல்லியிருப்பார் என்று பிள்ளைகள் இருந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அத்துப்படியான ஒன்றை ஒருத்திக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாரையும் ஒதுக்கக் கூடாது என்று கட்டிய அறையில், அத்தனை பேரும் சேர்ந்து, அன்போடு, ஒரு பிள்ளையை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

டி.சி.யைப் பற்றி டீச்சர் பேச்செடுக்கவில்லை. கொஞ்சம் உள்ளே வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒளிக்காமல் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். ரேடியோ என்று பெயரெடுத்த ஒரு பெண், வாய் மூடாதவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உன்கிட்டப் பேசாம இருந்து இருந்து எனக்கு வயித்து வலியே வந்துடுச்சுடி."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை.

"சரி, தப்பா நெனச்சுட்டீங்க," என்றாள். "ஆனா இத்தனை நாள்ல ஒருத்தர்கூட என்கிட்ட வந்து கேக்கலையே?"

சிரிப்பு அடங்கிப்போயிற்று. அந்தக் கேள்வி உள்ளே வந்து நின்ற மடிப்பக்காவுக்கும் சேர்த்துத்தான். ஏன் பாப்பா என்று அவளும்தான் கேட்டிருக்க வேண்டும். பழகினால் சரியாகும் என்று விட்டவள்தானே.

டீச்சர் நகர்ந்து பாப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "கேக்கல. மொதல்ல கேட்டிருக்க வேண்டியவ நான்தான். செருப்பப் பாத்தா போதும்னு இருந்துட்டேன்."

பாப்பா விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். இனி இந்த வழக்கமே வேண்டாம், விட்டுவிடுவோம் என்றாள் டீச்சர். அப்போதுதான் காதைப் பொத்திக்கொள்ளும் பையன் தலை நிமிராமலே, "எனக்கு வேணும்" என்றான். அவனுக்கு வேண்டும், இவளுக்கு வேண்டாம், எனக்கு ஒரு நாள் வேண்டும் ஒரு நாள் வேண்டாம் என்று ரேடியோ பஞ்சாயத்துக்கு இறங்கினாள். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள்: செருப்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் சாப்பாட்டு மணிக்குள் யாராவது ஒருவர் போய் ஒரு தடவை கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். காதைப் பொத்தும் பையன் யோசித்துவிட்டு, மெதுவாகக் கேட்டால் சரி என்றான்.

"நான் ஷூவ அப்படித்தான் வைப்பேன்," என்றாள் பாப்பா.

"வெச்சுக்கோ. நான் வந்து கேப்பேன்," என்றாள் ரேடியோ.

அன்று மடிப்பக்கா டி.சி. வாங்காமலே திரும்பினாள். ஆனால் ஹாஸ்டலுக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையே சொல்லட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் சாயங்காலம் பாப்பா வீட்டுக்குள் நுழையும்போதே குறை சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த ரேடியோ சாப்பிடவே விடுவதில்லையாம். இவள் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுக்கிறாளாம். அவள் அக்கா கல்யாணக் கதையை ஆரம்பித்தால் முடிப்பதே இல்லையாம். போதும் நிறுத்து, என் ஷூவைப் போய்ப் பார் என்று இவள் சொன்னதற்கு, "செருப்பக் கேக்கல, உன்னத்தான் கேட்டேன்" என்றாளாம். மடிப்பக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். முகத்தைக் காட்டவில்லை.

வாரக் கடைசியில், தலை வாரிக்கொண்டிருக்கும்போது பாப்பாதான் அந்தப் பேச்சை எடுத்தாள். "ஹாஸ்டல்ல என் கட்டில வேற யாராவது எடுத்துக்கிட்டா நமக்கு ஒண்ணும் இல்லதானேம்மா?"

மடிப்பக்கா சீப்பைக் கீழே வைக்காமலே ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினாள்.

அதற்குப் பிறகு பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும், மரத்தட்டைக் காட்டுவதற்கு முன்னால் டீச்சர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். தலைமை ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. வருகிறவர்கள் நல்லதைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் தலையாட்டிவிட்டு, அடுத்த தடவையும் சொன்னாள்.

பாப்பா இப்போது அதே பள்ளியில் மேல் வகுப்புக்கு வந்துவிட்டாள். டீச்சர் அங்கே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகள் தச்சு வேலை கற்கும் கூடம் ஒன்று இருக்கிறது. காது கேட்காதவர்களும் கேட்கிறவர்களும் சேர்ந்து கற்கும் இடம். அங்கேதான் விரும்பிப் போய் வேலை பார்க்கிறாள். குடியிருப்பது இரண்டாவது அண்ணன் வீட்டு மாடியில், தனக்கென்று இருக்கும் ஒரே அறையில்.