போணி ஆகாத கஃபே

போன வாரம் ஒரு நாள் காலையில் தம்பி சுரேஷிடமிருந்து போன். "அக்கா, கடையை மூடிடலாம்னு இருக்கேன். இந்த ஊர் ஜனங்களுக்கு டேஸ்ட்டே இல்ல!"

சுரேஷ் டெல்லியிலேயே பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, குர்காவில் ஐ.டி. வேலை பார்த்தவன். திடீரென்று வேலையை விட்டுவிட்டு, குமாவுன் மலையில் ஒரு குட்டி ஊரில் ஃபில்டர் காபி கஃபே திறந்தான். மனசாட்சி கூப்பிட்டதாம். குர்காவ் டிராஃபிக்கில் மனசாட்சியின் குரல் எப்படித்தான் காதில் விழுந்ததோ!

அவன் மனைவி மாலதி மகளோடு டெல்லியில் தங்கிவிட்டாள். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். கடை ஓடலைன்னா பேசாம பழைய வேலைக்குத் திரும்பணும்" – இது அவள் கண்டிஷன்.

வாசலில் பெரிய போர்டு வைத்தான்: 'ஊரின் முதல் பிசினஸ் ஐடியா!' அப்படியானால் எதிரே இருக்கும் டீக்கடை? பக்கத்து மிட்டாய்க் கடை, தையல் கடை, சலூன்?

அந்த டீக்கடை, இப்போது அதை நடத்தும் கோபால் சிங்கின் அப்பா ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் மலையேறி வரும் பஸ், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அங்கிருந்த ஊற்றருகே நிற்குமாம். பஸ் தண்ணீர் குடிக்கும்போது பயணிகள் சும்மா இருப்பார்களா? டீக்கடை முளைத்தது. அதையொட்டி மற்ற கடைகள். ஆக, அந்த ஊரை உருவாக்கிய தொழிலதிபர் ஒரு கொதிக்கும் ரேடியேட்டர்!

"அதெல்லாம் அன்ஆர்கனைஸ்டு செக்டார்க்கா" என்று கையை உதறினான் சுரேஷ்.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். நாலு கடைக்காரர்களும் தங்கள் கடையைச் சாத்திவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு காபி கேட்டார்கள். குடிப்பதற்கு முன்பே கோபால் சிங் பணத்தை நீட்டினார்.

சுரேஷ் இரண்டு கையாலும் தடுத்தான். "அரே, நஹி பாய்சாப்! இன்னிக்கு எல்லாம் ஃப்ரீ. லாஞ்ச் ஆஃபர்!"

மறுபடி நீட்டினார். மறுபடி தடுத்தான். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"பார்த்தியாக்கா... ஆடிப்போயிட்டாங்க" என்றான் பெருமையாக.

அதற்குப் பிறகு ஊர்க்காரர் ஒருவரும் காபி வாங்கவில்லை. இவனும் விடுவானா? காபிக்கு பிஸ்கட் ஃப்ரீ என்றான். பிஸ்கட்டுக்கு வைஃபை ஃப்ரீ என்றான். ஜனங்கள் சிரித்தார்கள், கும்பிட்டார்கள், எதிர்க்கடையில் டீ குடித்தார்கள்.

போன் வந்த மறுநாளே பஸ் ஏறினேன். கிண்டல் செய்ய நிறைய ஸ்டாக் வைத்திருந்தேன். காலி மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்ததும் ஸ்டாக்கை மூட்டை கட்டினேன். நேரே எதிர்க்கடைக்குப் போனேன்.

"பாய்சாப், என் தம்பி காபி அவ்வளவு மோசமா?"

"காபி அச்சாதான் பெஹன்ஜி" என்றார் கோபால் சிங். "ஆனா, போணியே ஆகலையே? இங்க யார் புதுசா கடை போட்டாலும் பழைய கடைக்காரங்க காசு குடுத்து முதல்ல வாங்கணும். மிட்டாய்க் கடைக்கு எங்கப்பா போணி. தையல் கடைக்கு மிட்டாய்க்காரர். அப்புறம்தான் ஊர் வாங்கும். உங்க தம்பி எங்க பணத்தைத் தொடவே மாட்டேன்னுட்டார். டெல்லிக்காரருக்கு எங்க காசு கசக்குதுபோலன்னு விட்டுட்டோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு... திரும்பிப் போய் தம்பியைப் பிடித்தேன்.

"ஏண்டா, நம்ம சரோஜினி நகர் மார்க்கெட்ல கடைக்காரன் 'போணி டைம் மேடம்'னு சொல்லித்தானே காலங்காத்தால நம்ம தலையில துணியைக் கட்டுறான்? உனக்குத் தெரியாது?"

"அது ரீடெயில்க்கா. இது எக்ஸ்பீரியன்ஸ்."

எக்ஸ்பீரியன்ஸ்! இரண்டு வைக்கலாம் போலிருந்தது. நல்லவேளை, அவனே எழுந்து எதிர்க்கடைக்கு நடந்தான்.

மறுநாள் காலை நாலு கடையும் மறுபடி சாத்தப்பட்டது. பணம் நீண்டது. சுரேஷ் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கோபால் சிங் காபியை உறிஞ்சி, "கொஞ்சம் கசப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார். மதியத்துக்குள் ஸ்கூல் வாத்தியார்கள், ஜீப் டிரைவர்கள் என்று மேஜைகள் நிறைந்தன. எனக்கே உட்கார இடமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதே இல்லை.

இதை சுரேஷ் 'கம்யூனிட்டி ஆன்போர்டிங் ஸ்ட்ராட்டஜி' என்று இன்டர்நெட்டில் எழுதி லைக் வாங்கிக்கொண்டிருக்கிறான். மாலதி கண்டிஷனைத் தளர்த்தவில்லை. ஆனால், மலைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள்.

நேற்று சுரேஷ் மறுபடி கூப்பிட்டான். ஊரில் புதிதாக மொபைல் ரிப்பேர் கடை திறக்கிறார்களாம். போணி செய்யும் முறை இப்போது இவனுக்கு. ஆனால், போன்தான் நன்றாக வேலை செய்கிறதே, என்ன செய்வது?

கீழே போட்டானாம். இரண்டாவது தடவைதான் ஸ்க்ரீன் உடைந்ததாம்.