மடித்துத் தைத்த முக்கோணம்

தங்கை கணக்கு டீச்சரானதில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். தங்கையோ பிறவியிலேயே விதண்டாவாதி. சின்ன வயதில் ஒரே துணியில் இருவருக்கும் பாவாடை தைத்தால்கூட, "உன்னுதும் என்னுதும் ஒண்ணுன்னு எப்படி நம்பறது?" என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

இப்போது அவள் வேலை தற்காலிகம்தான். கல்வி அதிகாரி வந்து ஒரு வகுப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரமாகும். பாடம், சர்வசம முக்கோணங்கள்.

"அக்கா, கடைசி பெஞ்சுக்கும் தெரியற மாதிரி ரெண்டு முக்கோணம் வெட்டிக் குடு. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அப்படியே பொருந்தணும்."

"எனக்கே வெட்டச் சொல்லித் தர்றியா? போடி."

அக்கா காகிதத்தில் ஒரே அளவு வரைந்து, அதை வைத்தே இரண்டையும் வெட்டினாள். சிவப்பு கெட்டித் துணி, வெட்டியபடியே நின்றது. நீலம் மெல்லிசு. கையில் எடுத்தாலே ஓரத்தில் நூல் பிரிந்தது. அதிகாரி முன்னால் நூல் தொங்கினால் யாருக்கு அவமானம்? நீலத்தின் மூன்று ஓரங்களையும் ஒரே அகலத்துக்கு மடித்து அழகாகத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி வரும் நாளில் யாரும் கேட்காத ஒரு யூனிபாரத்தைக் கொடுக்கிற சாக்கில் அக்காவும் பள்ளிக்குப் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றுகொண்டாள். அதிகாரி பின்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

தங்கை சிவப்பைப் பலகையில் குத்தினாள். "இப்ப நீலத்தை மேல வைக்கிறேன். பாருங்க, அப்படியே..."

பொருந்தவில்லை. மூன்று பக்கமும் விரலகலச் சிவப்பு வெளியே எட்டிப் பார்த்தது.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு டீச்சர்," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அதிகாரியின் பேனா ஓடத் தொடங்கியது. ஜன்னலில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அட பாவி, மடிப்புக்குத் துணி விடாமல் வெட்டிவிட்டோமே. இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே.

தங்கை நீலத்தைச் சிவப்பின் ஒரு மூலைக்குத் தள்ளினாள். அந்த மூலை கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த மூலைக்குத் தள்ளினாள், அதுவும் உட்கார்ந்தது. மூன்றாவதும்.

"மூணு கோணமும் சமம்தானே?"

"சமம் டீச்சர்."

"அப்ப ரெண்டு முக்கோணமும் சர்வசமமா?"

சுருங்கிடுச்சு என்றவளே எழுந்தாள். "இல்ல டீச்சர். ஜாடை ஒண்ணுதான். அளவு வேற."

"அதனாலதான் கோணம் மூணு கையில இருந்தும் போதல. ஒரு பக்கமாவது சமம்னு காட்டணும்."

அதிகாரி கையைத் தூக்கினார். "இதை வேணும்னே சின்னதா செஞ்சு கொண்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று அக்கா மனதுக்குள் கெஞ்சினாள்.

"இல்ல சார். பொருந்தும்னு காட்டத்தான் கொண்டு வந்தேன். எங்க அக்கா நூல் பிரியக் கூடாதுன்னு ஒண்ணை மட்டும் மடிச்சுத் தைச்சிட்டாங்க. அதோ நிக்கறாங்களே, அவங்கதான்."

வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. அக்கா யூனிபாரத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் அதிகாரி வெளியே வந்தார். அக்கா முந்திக்கொண்டாள். "தப்பு என்மேலதாங்க. அந்தச் சிவப்பையும் குடுக்கச் சொல்லுங்க, இப்பவே மடிச்சுத் தைச்சுத் தர்றேன். ரெண்டும் பொருந்திடும்."

"கையே வைக்காதீங்கம்மா. அடுத்த வருஷமும் உங்க தங்கச்சிக்கு இது வேணும். இங்கதான் இருக்கப் போறாங்க, எழுதிட்டேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் காய்கறிக்காரரிடம், பேருந்து நடத்துனரிடம், வாய் திறக்காத பக்கத்து இருக்கைக்காரியிடம்கூட அக்கா விளக்கிக்கொண்டே போனாள்: கோணம் மட்டும் இருந்தால் போதாது, ஒரு பக்கமாவது வேண்டும்.