ஏ படத்துக்கு வந்த வீட்டுக்காரர்

அமாவாசை வந்தாலே எங்கள் தியேட்டரில் எல்லோருக்கும் தலைவலிதான். அன்று நெசவாளர்களுக்கு விடுமுறை, பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. குடும்பம் குடும்பமாகப் படத்துக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். போஸ்டரில் ஹீரோ முகத்தைப் பார்ப்பார்களே ஒழிய, மூலையில் போட்டிருக்கும் சென்சார் எழுத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை. வாசலில் டிக்கெட் பார்த்தபடி, அந்த எழுத்துக்காக ஊர் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் நபீசாவின் வேலை. எதிரே பாப்கார்ன் விற்கிற நான் தினமும் பார்க்கிறேன்.

கணவர் இறந்துபோன பிறகு மகள் அஃப்ஷீனைக் கூட்டிக்கொண்டு வாடகை வீடு தேடி அலைந்தவள் அவள். 'டூ லெட்' போர்டு தொங்கும் வீட்டில்கூட, பேரைச் சொன்னதும் "நேத்தே ஆள் வந்துட்டாங்கம்மா" என்பார்கள். பேரைக் கேட்டும் முகம் மாறாமல் சாவியைக் கொடுத்தவர் நெசவாளி ராஜவேலு ஒருவர்தான். இன்றைக்கும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள்.

போன அமாவாசை மதியக் காட்சிக்கு அந்த ராஜவேலுவே வந்து நின்றார். கூட மனைவி, பத்து வயது மகள் ஜனனி. படமோ 'ஏ'. அவர் போனில் நீட்டிய டிக்கெட்டை நபீசா ஸ்கேன் செய்யவில்லை.

"அண்ணா, பாப்பாவ உள்ள வுட முடியாதுண்ணா."

"இன்னாம்மா இது? போன மாசம் இதே புள்ளயத்தானே வுட்ட?"

"அது யு/ஏ பதினாறுண்ணா. காட்டலாமா வேணாமான்னு பெத்தவங்க முடிவு பண்ணலாம். இது ஏ. பதினெட்டு ஆவலன்னா யார் கூட வந்தாலும் கெடயாது."

"பெத்தவன் நானே கூட்டிக்கினு வர்றேன். உனுக்கு இன்னா?"

பின்னால் வரிசை நீண்டது. எவனோ விசிலடித்தான். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்டும் காணாததுபோல மாடியேறிவிட்டார். அந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும்!

"பக்கத்து ஸ்கிரீன்ல யு படம் ஓடுதுண்ணா. டிக்கெட்ட மாத்தித் தரச் சொல்றேன்."

ராஜவேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் வூட்ல இருந்துக்கினு என் புள்ளயவே நிறுத்துறியா? மாசக் கடைசில காலி பண்ணிடு!"

எனக்குப் பகீரென்றது. ஒரு படம்தானே, விட்டுத் தொலையேன் என்று கத்தத் தோன்றியது. குறுக்கே நீட்டிய அவள் கை கீழே இறங்கவில்லை. கடைசியில் ராஜவேலுவின் மனைவிதான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு மகளோடு பக்கத்து ஸ்கிரீனுக்குப் போனார். ராஜவேலு வீம்புக்குத் தனியாக உள்ளே போனார்.

நபீசா உடனே வீட்டு புரோக்கருக்குப் போன் போட்டாள். "வீடு எனக்குத்தாங்க, பேரு நபீசா" என்றதுமே அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இன்னொருவரிடம் பேசினாள். அங்கேயும் அதே கதைதான் போலிருக்கிறது. நான் கொடுத்த டீ ஆறிப்போனது. அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது, அந்த ஆள்மேல் ஆத்திரமாகவும் வந்தது.

இடைவேளையில் முதல் ஆளாக வெளியே வந்தவர் ராஜவேலுதான். முகம் வெளிறியிருந்தது.

"படத்துல ஜனனி வயசுப் பொண்ணு ஒண்ண தூக்கிக்கினு போயி..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினார். "நல்லவேளை, நீ வுடலம்மா. கோவத்துல ஏதோ பேசிட்டேன். நீ காலி பண்ண வேணாம்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"இல்லண்ணா. வேற வூடு கெடச்சதும் போயிடறேன்" என்றாள் நபீசா.

"அதான் தப்புன்னு சொல்றேனேம்மா!"

"உங்க மேல கோவமில்லண்ணா. உங்க வூட்ல இருந்துக்கினு இந்த வேல பாக்க முடியாது. பாப்பாவ நிறுத்துறப்போ, வூடு போச்சுன்னா அஃப்ஷீன் எங்க படுக்கும்னுதான் நெனச்சிக்கினு நின்னேன். இன்னொருவாட்டி நீங்க கத்தியிருந்தா கைய எடுத்திருப்பேன். உங்க பாப்பா இப்ப உள்ள இருந்திருக்கும்."