சீமைக் காரம்

அற்புதமேரிக்கு வாய் அதிகம். அருப்புக்கோட்டையில் பொன்ராஜ் முதலாளியின் சாயப் பட்டறையில் நூல் பிழிந்த நான், அந்த வாயிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். "ஏலே, பிழியச் சொன்னா தடவிக் குடுக்கிற, அது என்ன ஒம் பொண்டாட்டியா?" என்பாள். பட்டறையே சிரிக்கும்.

அவளுக்குக் கூலி கிடைத்ததும் அந்த வாயால்தான். சாயம் கரைக்க உவர்மண்ணைப் போட்டு வைத்த காரத் தண்ணீரைத் துளி எடுத்து நாக்கில் விட்டு, "காரம் பத்தாது, இன்னும் போடுங்க" என்பாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் தொட்டியில் சாயம் விழும். அவள் ஆத்தாவும் அப்படித்தான் பார்த்தாள்.

யுத்தத்தில் சீமைச் சாயம் வருவது நின்றது. உள்ளூர்ச் சாயம் முதல் துவைப்பிலேயே ஓடியது. யுத்தம் முடிந்து கொழும்புக்கு அனுப்பிய கைலி லோடு அப்படியே திரும்பி வந்தது. முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். மேரியின் புருஷன் படுத்த படுக்கை. அவள் கூலி நின்றால் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

நாற்பத்தாறில் மறுபடி சீமை டப்பாக்கள் வந்து இறங்கின. ஒன்றில் சிவப்புச் சாயம், இன்னொன்றில் அதைக் கரைக்கிற வெள்ளைக் காரம். முதலாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் தன் கையாலேயே சுரண்டினார். என்ன சரக்கு என்று பக்கத்துப் பட்டறைக்காரனுக்குத் தெரிந்துவிடக்கூடாதாம். அந்தக் காலத்தில் எல்லா முதலாளிமாரும் செய்த வேலைதான்.

காரத்தைக் கரைத்துவிட்டு மேரியைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவையும் நெறம் ஓடுச்சுன்னா பட்டறையப் பூட்டிருவேன். நல்லாப் பாத்துச் சொல்லு."

பயந்துபோனாள் பாவி மகள். எப்போதும் துளி விடுகிறவள், அன்று உள்ளங்கை நிறைய அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டாள்.

அலறினாள். அதற்குப் பிறகு அவள் குரலை யாரும் கேட்கவில்லை. நாக்கு வெந்து, தொண்டை சுருங்கி, கஞ்சித் தண்ணீரோடு உயிர் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சிவப்பு ஓடவில்லை. கொழும்பு இன்னும் கேட்டது, பினாங்கும் கேட்டது. காய்ந்து கிடந்த தொட்டிகள் நிறைந்தன, புதுத் தொட்டிகள் கட்டினார்கள். வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். எங்கள் வயிறும் நிறைந்தது, அதை நான் மறைக்கவில்லை.

டப்பா பெருகியதும் முதலாளிக்குச் சுரண்ட நேரமில்லை. மேரிக்கு ஆள் அனுப்பினார். இரக்கம் என்று நினைத்தோம்.

"ஒனக்குத்தான் பேச்சு வராதுல்ல, மேரி? நல்லதாப் போச்சு. காகிதத்தச் சுரண்டு. நம்ம சரக்கு வெளிய தெரியாது" என்றார்.

அவனெல்லாம் ஒரு மனிதனா!

அவள் வெள்ளைக் காரத்தின் டப்பாவை மடியில் வைத்தாள். காகிதத்தில் பெரிதாக மண்டை ஓடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு. எழுத்து தெரியாதவளுக்கும் அது என்னவென்று தெரியும். டப்பாவை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"என்ன பராக்குப் பாக்குற? சுரண்டு" என்றார் முதலாளி.

சுரண்டினாள்.